அஞ்சடியும் சிமெண்டுத் தரையும்: நெகிரி செம்பிலான் தோட்ட வீடுகளின் முகப்பு

மலேசியத் தமிழர் பேச்சு வழக்கில் 'அஞ்சடி' என்பது தனிக் கவனத்திற்குரிய ஒரு சொல்லாகும். வீட்டின் முன்புறத்தில் கூரைக்குக் கீழ் அமைந்து, சுவரால் முழுமையாக அடைபடாமல் நிற்கும் இடத்தைத் தோட்டப்புற மக்கள் இச்சொல்லால் குறித்து வந்துள்ளனர். தமிழகத்தார் திண்ணை என்றும் தாழ்வாரம் என்றும், யாழ்ப்பாணத்தார் விறாந்தை என்றும், இலங்கை மலையகத் தோட்ட மக்கள் இஸ்தோப்பு என்றும் வழங்கும் இடத்திற்கு மலாயாவில் ஓர் அளவைப் பெயர் வந்து பொருந்தியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சிமெண்டுத் தரையுடன் கூடிய அஞ்சடி எவ்வாறு உருவாயிற்று, அது எவ்வகைப் பயன்களைத் தந்தது, இன்று வீடு கட்டுவோரும் புதுப்பிப்போரும் அதன் அமைப்பிலிருந்து எவற்றைக் கைக்கொள்ளலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கட்டட அமைப்பைப் பற்றிய செய்தி தமிழாசிரியர்க்கு எதற்கு என்னும் வினா எழக்கூடும். லிங்சம், சிலியாவ், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், செண்டாயான் எனத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் இன்றும் உள்ளன. லாபு தோட்டப் பள்ளிகள் இரண்டின் பெயரில் 'பிரிவு 1', 'பிரிவு 4' எனத் தோட்டப் பிரிவின் எண்கூட நிலைத்துள்ளது. ஆயினும் அப்பள்ளிகளில் பயிலும் மாணவருள் பலர் தோட்ட வீட்டைக் கண்டதில்லை. பாடநூலில் 'திண்ணை' என்ற சொல் வரும்போது படம் காட்டி விளக்க வேண்டியுள்ளது. அம்மாணவரின் பாட்டி வாழ்ந்த அஞ்சடியோ பாடநூலில் இடம்பெறுவதில்லை. சொல்லும் பொருளும் ஒருங்கே மறையும் நிலையில், பொருளை அறியாமல் சொல்லைக் காப்பது இயலாது.

பெயரும் மரபும்

1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரத் திட்டத்திற்காக ராஃபிள்ஸ் வகுத்த விதிமுறைகளில், தெருவின் இருமருங்கிலும் கட்டப்படும் ஒவ்வொரு வீடும் தன் முன்புறத்தில் கூரையிட்ட, தடையற்ற நடைபாதையைக் கொண்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இடம்பெற்றது. இந்த அமைப்பே பின்னர் மலாயா நகரங்களின் கடைவீடுகளுக்கும் பரவியது. மலாய் மொழியில் இது 'காக்கி லீமா' எனப்பட்டது. 'காக்கி' என்பது பாதத்தையும் அடி என்னும் அளவையும் குறிக்கும். தமிழில் 'அடி' என்னும் சொல்லும் அவ்விரு பொருளையும் தருவதால் மொழிபெயர்ப்பு இயல்பாகவே அமைந்துவிட்டது. ஹொக்கியன் சீனர் அந்த மலாய்ச் சொல்லையே ஒலி மாற்றி, தம் மொழியின் 'ஐந்து' என்பதோடு சேர்த்து வழங்கினர். தமிழர் ஐந்தடியை அஞ்சடி ஆக்கினர். நகரத்துக் கடைத்தெருவில் பிறந்த இப்பெயர் தோட்டத்து லயத்திற்குச் சென்றபோது அளவு பொருளற்றுப் போயிற்று. ஆறடியாயினும் எட்டடியாயினும் அது அஞ்சடியே. நகரத்து அஞ்சடி வழிப்போக்கருக்கானது. தோட்டத்து அஞ்சடியோ குடியிருப்பவருக்கானது. பெயர் ஒன்றாயினும் பயன் வேறு என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பயனை நோக்கினால் தோட்டத்து அஞ்சடியின் முன்னோடி தமிழ் மரபின் முன்றில்தான். 'இல்முன்' என்பது 'முன்றில்' என மாறி நிற்பதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் நாள்தோறும் கற்பிக்கின்றனர். முன் என்னும் சொல்லோடு இல் என்பது சேரும்போது றகரம் தோன்றுவதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் தனி விதியே வகுத்துள்ளார். ஒரு சொல்லுக்கென நூற்பா அமையும் அளவிற்கு அது புழக்கத்தில் இருந்திருக்கின்றது எனலாம். வீட்டாருக்கும் ஊராருக்கும் இடைப்பட்ட இவ்விடத்தை மலாயாவிற்குப் புலம்பெயர்ந்தோர் மறக்கவில்லை. தமக்குக் கிடைத்த லயத்தின் முன்புறத்தில் அதனை மீண்டும் கண்டெடுத்தனர்.

நெகிரி செம்பிலானில் இதற்கு மற்றோர் இணையும் உண்டு. மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்களின் மர வீடுகளில் முன்புறம் முழுவதும் நீண்டு கிடக்கும் 'செரம்பி' என்னும் பகுதி விருந்தினரை அமர்த்தும் இடமாகும். ஆனால் செரம்பி தூண்களின் மேல் உயர்த்தப்பட்ட பலகைத் தளம். அடியில் காற்று புகுந்து செல்லும். அஞ்சடியோ மண்ணோடு ஒட்டியது. தரையே அதன் முதன்மைச் சிக்கலாக அமைந்ததற்குக் காரணம் இதுதான்.

மண் தரையிலிருந்து சிமெண்டுத் தரைக்கு

சுங்கை ஊஜோங் என அப்போது அறியப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பிரேசிலின் மிகை விளைச்சலால் காப்பி விலை வீழ்ந்தபின் ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கையில் பழகிய தோட்ட முறைகளும் துரைமாரோடு இங்கு வந்தன. வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த 'லயம்' என்னும் பெயர் மலையகத்திற்கும் மலாயாவிற்கும் பொதுவாயிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

தொடக்க கால லயங்கள் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்டவை. சில தூண்களின் மேல் உயர்த்தப்பட்டு, கீழ்ப்பகுதியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வகையில் இருந்தன. சில தரையோடு அமைந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை அறைகளும் இருந்தன. அவற்றில் காற்றோட்டம் என்பது முன்வாசல் வழியே மட்டும் கிடைத்தது. அத்தகைய அறையில் ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்ததை எண்ணினால், அஞ்சடி அவர்களுக்கு அலங்காரம் அன்று, மூச்சுவிடும் இடம் என்பது விளங்கும்.

மண் தரைக்குப் பெண்கள் சாணம் மெழுகினர். தமிழகத்தின் வறண்ட நிலத்தில் இம்முறை நன்கு பயன்பட்டது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் மெழுகிய தரை எளிதில் காய்வதில்லை. ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உயிர்வாழும்; வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டத் தொழிலாளரை வாட்டிய இரத்தச் சோகைக்கு மலேரியாவோடு இதுவும் காரணமாயிற்று. மலை சார்ந்த தோட்டங்களில் வெயில்படும் தெளிந்த ஓடைகளே மலேரியாக் கொசுவின் பிறப்பிடமாக இருந்ததால், வடிகால் அமைப்பதில் மருத்துவர்கள் முனைப்புக் காட்டினர். கொக்கிப்புழுவுக்கு முதன்மையான தீர்வு கழிப்பிடமே; எனினும் கழுவிவிடக்கூடிய கெட்டித் தரையும், லயத்தைச் சுற்றிய சிமெண்டுக் கால்வாயும் நலவாழ்வின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், விடுதலைக்குப் பின் 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் குடியிருப்பின் தரத்தை நிருவாகத்தின் கடமையாக்கின.

இவ்வாறு நோய்த் தடுப்பிற்காக வந்த சிமெண்டுத் தரையை மக்கள் வேறொன்றாக மாற்றினர். கழுவிவிட்டால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும், பாய் விரிக்கலாம், பிள்ளைகள் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதலாம். பால்மரம் வெட்டித் திரும்புவோர் உளியையும் வாளியையும் வைத்துவிட்டுக் கால் கழுவி அமரலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் தோன்றிய பின்னர்ச் சங்கப் பேச்சும், திருவிழாக் காலத்தில் கோயில் கணக்கும் அஞ்சடியிலேயே நடந்தன. பெண் பார்க்க வந்தவர் முதலில் அமர்ந்ததும், இறந்தவர் உடல் ஊராரின் இறுதிப் பார்வைக்குக் கிடத்தப்பட்டதும் அங்கேதான். மழை நாளில் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நனையாமல் நடந்து செல்லக்கூடிய வகையில், பல வீடுகளின் அஞ்சடி இடைச்சுவரின்றித் தொடர்ந்து சென்றது. ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர்க்கு உடனே எட்டியதற்கும், சண்டைகள் மூண்டதற்கும், அவை விரைவில் தீர்ந்ததற்கும் இதுவே காரணம். பின்னாளில் மூங்கில் தட்டியும் பலகையும் இட்டு அவரவர் பகுதியை மறைத்துக்கொண்டனர். உறவு குறைந்ததாக முதியோர் இதனைச் சொல்வதுண்டு. தனிமை என்பதையே அறியாத வீட்டில் ஒரு மறைப்பை நாடிய பெண்களைக் குறை கூற இயலாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

துரை பங்களாவிலும் முன்தாழ்வாரம் இருந்தது. கிராணி வீட்டிலும் இருந்தது. ஆனால் அங்கே தொழிலாளி படிக்குக் கீழே நின்று பேசுவதே வழக்கம். தன் அஞ்சடியில் மட்டுமே அவர் அமர்ந்து, வந்தவரை வரவேற்கும் நிலையில் இருந்தார்.

கொட்டிய சிமெண்டும் உரிமையற்ற நிலமும்

நிருவாகம் கட்டித் தந்த அஞ்சடி போதாதபோது மக்கள் தாமே முன்புறம் சாய்ப்பு இறக்கினர். மரக்கால் நட்டு, தகரம் வேய்ந்து, ஓய்வு நாளில் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி மணலும் கல்லும் சிமெண்டும் கலந்து தரை போட்டனர். வீடோ நிறுவனத்தினுடையது, வேலை உள்ளவரையில்தான் குடியிருக்கும் உரிமை. தகரத்தையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு போகலாம், சிமெண்டுத் தரையைப் பெயர்த்தெடுத்துப் போக இயலாது. இதனை அறிந்தே மக்கள் சிமெண்டு கொட்டினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இங்கேதான் இருக்கப்போகிறோம் என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடாக அத்தரையைக் கொள்ள இடமுண்டு.

அந்நம்பிக்கை பல இடங்களில் பொய்த்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. அதன்பின் நிலமே வீடமைப்புத் திட்டங்களுக்குச் சென்றது. சிரம்பானைச் சூழ்ந்த தோட்ட நிலங்களில் புதிய நகரப் பகுதிகள் எழுந்துள்ளன. அண்டை மாநிலமான சிலாங்கூரில் புத்ராஜெயா உருவானபோது பேராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். அக்கட்டடத்தின் விரிசல்கள் பற்றிப் பின்னர் நெடுங்காலம் முறையீடுகள் எழுந்தன. விரிசலற்ற அடுக்குமாடியாயினும் அங்கே அஞ்சடிக்கு இடமில்லை; வாசலைத் திறந்தால் பொதுவழி, அல்லது படிக்கட்டு. இழப்பீட்டுக் கணக்கில் அறைகளின் எண்ணிக்கை இடம்பெறும், அஞ்சடி இடம்பெறுவதில்லை.

தரை வீடு கிடைத்தவர் நிலை சற்று மேல். ஆயினும் இருபது அல்லது இருபத்திரண்டு அடி அகலமுள்ள வரிசை வீட்டின் முன்புறம் காருக்கு என்றே விடப்படுகின்றது. அதன்மேல் கூரை வேய்ந்து, பளபளப்பான ஓடு பதித்து, இரும்புக் கதவிட்டுப் பூட்டிவிடுகின்றோம். மழையில் நனைந்த ஓட்டில் முதியோர் வழுக்கி விழுகின்றனர். அமர இடமில்லாததால் வந்தவர் நேரே கூடத்திற்குள் வருகின்றார், அல்லது வராமலே போகின்றார். பழைய அஞ்சடியின் அமைப்பை இத்தகைய வீட்டிற்குள் கொண்டுவர முடியுமா என்பதே இனி ஆராயத்தக்கது. முடியும், அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை.

அமைப்பு முறைகள்

முதலாவதாக மட்டம். கார் நிற்கும் தரையும் மனிதர் அமரும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை காரே முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். வீட்டு வாசலை ஒட்டி ஐந்து அல்லது ஆறடி அகலத்திற்குத் தரையை ஆறங்குலம் உயர்த்திவிட்டால், அது தானாகவே அஞ்சடி ஆகிவிடும். கார் அதன்மேல் ஏறாது. பிள்ளைகள் அதைவிட்டு இறங்கத் தயங்குவர். காருக்கு எஞ்சும் நீளம் போதுமா என்பதை முன்னரே அளந்து பார்க்க வேண்டும். இந்த உயர்ந்த தரை வீட்டின் உள்தரையைவிட இரண்டு அங்குலமேனும் தாழ்ந்திருத்தல் இன்றியமையாதது. இல்லையெனில் சாரல் நீர் கூடத்திற்குள் புகும். மேலும் வெளிப்புறம் நோக்கி எட்டடிக்கு ஒன்றேகால் அங்குலம் என்னும் அளவில் சரிவு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இச்சரிவு நீர் தேங்குவதைத் தடுக்கும். சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் உள்ள வீட்டில் ஓரங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்னும் கணக்கில் சாய்தளம் அமைக்கலாம்.

அடுத்தது தளம். தோட்டத்துச் சாய்ப்புகளில் பழைய சுவரை ஒட்டிய மூலையில் விரிசல் ஓடியிருப்பதைக் காணலாம். பழைய கட்டடம் முன்னரே அமிழ்ந்து நிலைகொண்டுவிட்டது. புதிதாகக் கொட்டிய மண் இனித்தான் அமிழும். இரண்டையும் ஒட்டிப் பூசினால் அவை பிரிந்தே தீரும். எனவே சுவருக்கும் புதிய தளத்திற்கும் இடையே மெல்லிய நுரைப்பட்டை வைத்து இடைவெளி விடுவது முறை. மேல்மண்ணை அகற்றி, உடைகல்லை இட்டு நன்கு இடித்து, மணல் பரப்பி, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு இட்டால் நிலத்தின் ஈரம் மேலே ஏறாது. சாணம் மெழுகிய காலத்துச் சிக்கலுக்கு இவ்விரிப்பே விடை. ஒரு பங்கு சிமெண்டு, இரு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்னும் பழைய கலவை, மக்கள் அமரும் தளத்திற்கு நான்கு அங்குலக் கனத்தில் போதுமானது. கார் ஏறும் பகுதிக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலமும் இரும்புக் கம்பி வலையும் வேண்டும். நீண்ட தளமாயின் ஏறத்தாழப் பத்தடிக்கு ஒரு வெட்டுக்கோடு இடுதல் நன்று. சிமெண்டு சுருங்கும்போது விரிசல் அக்கோட்டிற்குள் அடங்கிவிடும். தளம் போட்ட பின் ஏழு நாளேனும் ஈரச்சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். நம் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிட்டது என மகிழ்வோர் உண்டு. காய்வது வேறு, இறுகுவது வேறு. ஈரம் இருந்தால்தான் சிமெண்டு வலுப்பெறும்.

மேற்பரப்பைப் பொறுத்தவரை, பளபளப்பான ஓட்டைவிடச் சிமெண்டே அஞ்சடிக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் வழவழப்பாகும், ஈரத்தில் வழுக்கும். மரத்தேய்ப்பால் முடித்தால் சற்றே சொரசொரப்பு நிற்கும். படியோரத்தையும் சாரல் படும் விளிம்பையும் மரத்தேய்ப்பாலும், உட்புறத்தை இரும்புக் கரண்டியாலும் முடித்தல் பொருத்தமானது. தமிழகத்து வீடுகளில் காவித் தரை எனப்படும் செந்நிறத் தரையை இங்கும் அமைக்கலாம். செந்நிறத் தூளைச் சிமெண்டோடு உலர்ந்த நிலையிலேயே சீராகக் கலந்துகொண்டு மேற்பூச்சு இட வேண்டும். நீர் சேர்த்தபின் தூவினால் நிறம் திட்டுத் திட்டாய் நிற்கும். அதன்மேல் மாக்கோலம் தெளிவாகத் தெரியும் என்பது சிறு நன்மையன்று. பூ வடிவம் அச்சிட்ட ஓட்டின்மேல் கோலமிட்டால் எது கோலம், எது ஓடு என்றே விளங்காது.

அமரும் இடத்திற்கு நாற்காலியை நம்ப வேண்டியதில்லை. பக்கச் சுவரை ஒட்டிப் பதினாறு முதல் பதினெட்டு அங்குல உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில் செங்கல் மேடை கட்டிச் சிமெண்டு பூசினால் திண்ணை தயார். படுத்துறங்கும் தாத்தா இருந்தால் அகலம் இரண்டரை அடி. அதன் மேற்பரப்பிற்கும் சற்றே வெளிச்சரிவு வேண்டும். நகரத்து அஞ்சடியின் பெயரும் ஊர்த் திண்ணையின் பயனும் இவ்வமைப்பில் ஒன்றுகூடுகின்றன.

கூரைதான் கடினமான பகுதி. சிரம்பான் நில நடுக்கோட்டிற்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. நண்பகல் வெயில் ஆண்டின் ஒரு பகுதியில் வடபுறமாகவும் மறுபகுதியில் தென்புறமாகவும் சாயும். எனவே வடக்கு, தெற்கு நோக்கிய முகப்புகளை மூன்றடி நீண்ட இறவாரமே பெரிதும் காத்துவிடும். கிழக்கு, மேற்கு நோக்கிய முகப்பிற்குத் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்க மூங்கில் திரையோ கொடிப்பந்தலோ தேவை. தகரக் கூரையைத் தாழ்வாக இறக்கினால் அஞ்சடி அடுப்பாகிவிடும். ஒன்பதடிக்குக் குறையாத உயரமும், வீட்டுச் சுவரோடு சேருமிடத்தில் சூடான காற்று வெளியேறச் சிறு இடைவெளியும், தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பும் இருந்தால் வெயிலும் மழையோசையும் தணியும். மழை மாநிலம் முழுவதும் ஒரே தன்மையதன்று. ஜெலுபு, தீபகற்பத்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. போர்ட்டிக்சன் கரையோரத்திலோ, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்பொழுதில் 'சுமத்திரா' எனப்படும் சூறைக்காற்று மழையைப் பக்கவாட்டில் வீசும். அப்பகுதியில் மேற்குப் பக்கம் இடுப்பளவு கட்டைச்சுவர் இன்றியமையாதது. கூரைநீர் தகரப்பீலி வழியே கால்வாயில் சேர வேண்டும். பீலியில் இலைகள் அடைத்துக்கொண்டால் டிங்கிக் கொசு அங்கே பெருகும்.

சட்டத்தையும் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, முன்புறக் கூரை நீட்டிப்பிற்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவை. சிரம்பான், நீலாய் வட்டாரத்தார் 2020 முதல் சிரம்பான் மாநகராட்சியையே அணுக வேண்டும். கூரையை முன் எல்லைவரை நீட்டி, மழைநீரைத் தெருவில் விழவிடும் வழக்கம் பின்னர் இடிப்பு ஆணையில் முடிவதுண்டு. தரையை உயர்த்துவதும் திண்ணை கட்டுவதும் சிறு வேலைகளாயினும், வரைபடத்தோடு மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று.

வகுப்பறையில் இதனைப் பயன்படுத்த எண்ணும் ஆசிரியர், மாணவரைத் தம் வீட்டு முதியோரிடம் அனுப்பி, அவர் வாழ்ந்த லயத்தின் முன்புறத்தை வரைந்து வரச் சொல்லலாம். அஞ்சடியின் அகலம் எவ்வளவு, தரை மண்ணா சிமெண்டா, யார் போட்டது, எந்த ஆண்டு, யார் எங்கே அமர்வார், மிதிவண்டி எங்கே நின்றது, விளக்கு எங்கே தொங்கியது என்பன கேட்க வேண்டிய வினாக்கள். ஈரச் சிமெண்டில் ஆண்டையும் பெயரையும் குச்சியால் எழுதி வைத்த வீடுகள் உண்டு. அவ்வெழுத்துகள் இன்றும் நிற்கும் தோட்டங்களில் அவற்றைப் படமெடுத்து வைப்பது, செம்பனை நடவிற்கோ வீடமைப்பிற்கோ நிலம் சமப்படுத்தப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய பணியாகும்.